கரையேறிய நீர்மூழ்கி

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் 91 மீட்டர் நீளத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. பெயர் ஐ.என்.எஸ். குர்சுரா. சோவியத் நாட்டில் கட்டப்பட்டு, 1969-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது அரபிக்கடலில் ரோந்து சென்றது. 2001-இல் பணி முடிந்ததும் கரைக்கு இழுத்து வரப்பட்டு, மறு ஆண்டே அருங்காட்சியகமானது.

உள்ளே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் ஓய்வுபெற்ற கடற்படை வீரர்கள். அறைக்கு அறை வட்ட வாசல். தலையைத் தாழ்த்தி, காலைத் தூக்கி வைத்துத்தான் நுழைய வேண்டும். டார்பிடோ குழாய், அடுக்குப் படுக்கை, கையகலச் சமையலறை என ஒவ்வொன்றையும் காட்டி, கடலுக்கடியில் எப்படி வாழ்ந்தார்கள் என்று விளக்குகிறார்கள். விசாகப்பட்டினம் போனால் தவறாமல் பாருங்கள்!