அடியில் நாலு சென்டிமீட்டர்

மண்டபம் பக்கம் போனவர்கள் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் மணலில் ஏறி நிற்பதைப் பார்த்திருக்கலாம். சுற்றிலும் கறுப்பு ரப்பர் பாவாடை தொங்கும். விசிறி சுழன்று காற்றை அடியில் தள்ளியதும் பாவாடை உப்பும், வண்டி எழும்பும். தனுஷ்கோடியை ஒட்டிய ஆழமில்லாத கடலில் படகுகள் தரைதட்டும் மணல்திட்டுகளையும் அது தாண்டிப் போய்விடும்.

இராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் ராக்கெட்டுக்கு வருமுன் செய்ததும் இதைத்தான். பெங்களூரில் ராணுவ ஆராய்ச்சி வேலையில் இருந்தபோது சிறு குழுவோடு அவர் உருவாக்கிய ஹோவர்கிராஃப்டின் பெயர் ‘நந்தி’. சொந்த எடையும் சேர்த்து 550 கிலோவை, சுமார் 40 மில்லிமீட்டர் காற்று மெத்தை தாங்கியது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் துணிந்து ஏறிக்கொள்ள, கலாமே ஓட்டினார். மேனன் பதவியைவிட்டுப் போனதும் திட்டம் முடங்கியது.

காரின் அடிக்கும் தரைக்கும் நடுவே அந்த 40 மில்லிமீட்டர், பந்தயக் கார் மெக்கானிக்குகளுக்கும் பழகிய அளவு. அவர்களுக்கு வேண்டியது மட்டும் நேர் எதிர்: கார் எழும்பக் கூடாது, தரையோடு ஒட்ட வேண்டும்.

பாம்பன் பாலத்தூண்களுக்கு நடுவே நீரோட்டம் வேகமெடுப்பதுபோல, காரின் அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே நெருக்கப்படும் காற்றும் வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். மேலிருக்கும் காற்று காரைக் கீழே அமுக்கும். 1978-இல் மரியோ ஆண்ட்ரெட்டியை ஃபார்முலா 1 உலகச் சாம்பியனாக்கிய லோட்டஸ் 79 கார் இதை வைத்தே ஜெயித்தது. அதன் இருபக்கமும் பாவாடை இருந்தது. இங்கே பாவாடையின் வேலை, வெளிக்காற்று உள்ளே புகாமல் தடுப்பது. அது எங்காவது சிக்கிக்கொண்டால் பிடிப்பு சட்டென்று போய்விடும். பிறகு பாவாடைக்கும் தடை வந்தது. 1983 முதல் அடித்தளமே தட்டையாக இருக்க வேண்டும் என்றார்கள்.

இந்த விளையாட்டில் கவனமாகப் பார்க்க வேண்டியது காரின் மூக்கு. முன் இறக்கை தரையை நெருங்க நெருங்க அமுக்குவிசை கூடும். ஓர் அளவுக்குக் கீழே போனால் காற்று இடுக்கில் அடைபட்டு, விசை திடீரென்று சரியும். அதனால் தரையிலிருந்து காரின் உயரத்தை ஓட்டுநரை உட்காரவைத்தோ, அவர் எடைக்கு ஈடாகப் பாரம் ஏற்றியோதான் அளக்கிறார்கள். தரை மட்டம் பார்த்து, டயரில் ஓடும்போது இருக்கும் காற்றழுத்தத்தை வைத்து, முன்னும் பின்னும் அளவுகோலை நுழைப்பார்கள். பின்பக்கம் பெரும்பாலும் கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும்.

நின்ற நிலையில் எடுத்த அளவு ஓட்டத்தில் நிலைக்காது என்பதுதான் தலைவலி. வேகம் இரட்டித்தால் அமுக்குவிசை நான்கு மடங்கு. கார் தானே தாழும். பிரேக் போட்டால் மூக்கு இன்னும் குனியும், முன்சக்கரம் கவ்வும், பின்பக்கம் லேசாகி வளைவில் சுழற்றிவிடும். அதைத் தடுக்க முன் ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால், மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்: அடியில் சைலன்சரும் குழாயுமாகக் கிடக்கையில் காற்று எங்கே சீராக ஓடும்? வேகத்தடையில் இடிப்பதுதான் மிச்சம்.

2022-இல் ஃபார்முலா 1 மறுபடி அடித்தளக் காற்றுக்கே திரும்பியது. தரையை நெருங்கியதும் காற்றோட்டம் அறுந்து கார் எழும்பும். எழும்பியதும் காற்று மீண்டும் இழுக்கும். நேர்சாலையில் கார்கள் கடல்பன்றிபோலக் குதித்தன. பாகு பந்தயம் முடிந்து ஓட்டுநர் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் காரைவிட்டு இறங்கினார்.

யாரும் அளவுமீறித் தாழ்த்திவிடாமல் பார்த்துக்கொள்ள, அடியில் 10 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பலகை உண்டு. தேய்ந்து 9-க்குக் கீழே போனால் தகுதிநீக்கம். 2023-இல் ஆஸ்டின் பந்தயத்தில் ஒரே ஒரு பயிற்சி ஓட்டத்துக்குப் பின் விதிப்படி உயரத்தை மாற்ற வழியில்லை, தடமோ மேடுபள்ளம். இரண்டாவதாக வந்த ஹாமில்டனும் ஆறாவதாக வந்த லெக்லேரும் பந்தயம் முடிந்தபின், பலகை தேய்ந்ததற்காக முடிவுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள்.