காணி உங்களுடையது, கல் குடியரசினுடையது

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை எழுதும் நொத்தாரிசுமார் ஒன்றையும் விடமாட்டார்கள். நான்கு எல்லைகளையும் சொல்வார்கள். பங்குக் கிணற்றில் எத்தனை பங்கு, வேலியோரப் பனைகள் யாருக்கு, வழி வாய்க்கால் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் அரச அனுமதி பெற்ற நில அளவையாளன். அந்த எல்லைகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கல் நட்டு, வரைபடம் கீறிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. நான் பார்த்த உறுதி எதிலும் நிலத்துக்குக் கீழே இருக்கும் கல் யாருடையது என்று எழுதியிருந்ததில்லை.

எழுதினாலும் செல்லாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் கனிப்பொருள் அனைத்தையும் குடியரசின் உடைமையாக்கிவிட்டது. மேலே உள்ள மண்ணில் உங்களுக்கு எந்த உரிமை இருந்தாலும் அது கீழே இருப்பதைக் கட்டுப்படுத்தாது. மணல், களி, சுண்ணக்கல் எல்லாம் இதற்குள் அடங்கும். தோண்ட ஓர் அனுமதி, ஏற்றிப்போக ஓர் அனுமதி, வாங்கி விற்க ஓர் அனுமதி, வெளிநாட்டுக்கு அனுப்ப இன்னொன்று. இவற்றைக் கொடுப்பதும் மறுப்பதும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் வேலை. எங்கள் ஊரில் இந்த நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை. ‘கனியவளத் திணைக்களம்’ என்றால்தான் ஓட்டோக்காரருக்கும் விளங்கும்.

புத்தூர்ப் பக்கம் ஒரு காணி அளக்கப் போனபோது உரிமையாளர் என்னிடம் நேராகவே கேட்டார்.

“ஐயா, இது என்ர அப்பு வேண்டின காணி. என்ர கல்லை நான் எடுக்கிறதுக்கு ஆரிட்டப் போய்க் கேக்கோணும்?”

“காணி உங்கட தான் அண்ணை. கல்லு கவர்மென்ற்ர.”

“அப்ப வரி மட்டும் நான் கட்டுறதோ?”

அவருக்கு நான் சொன்ன பதில் திருப்தியாக இருக்கவில்லை. சட்டம் எதற்காக அப்படி இருக்கிறது என்று அன்று பின்னேரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரையும் ஏறக்குறைய அந்தப் பேச்சுத்தான்.

அனுமதி கொடுக்கும் இந்தப் பணியகத்தின் வேர் 1903இல் இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. சிற்பம், நடராஜர், கீழைத்தேயக் கலை என்று உலகம் அறிந்த அதே குமாரசுவாமிதான். படித்தது புவிச்சரிதவியல், லண்டன் பல்கலைக்கழகம் அதற்காக அவருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. இரத்தினக்கல் கிடைக்கும் சரளை மண்ணிலிருந்து அவர் எடுத்த கருமையான, பாரமான ஒரு கல், தோரியனைட் என்ற புதிய கனிமம் என்று 1904இல் தெரியவந்தது. மூன்று வருடத்தில் அந்தப் பதவியை விட்டார். ஆனால் பாறை தேடி ஊரூராக அலைந்தபோது பார்த்த விகாரைகளும் கைவினைகளும் 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலாக வந்தன. அரசாங்கச் செலவில் களஆய்வுக்குப் போன உத்தியோகத்தர்களில் இவ்வளவு பயனோடு திரும்பியவர் வேறு யாரும் இருப்பார்களோ தெரியாது.

அந்த அளவை பிற்காலத்தில் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களமாகி, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பணியகமானது. தலைமையகம் பிட்டகோட்டையில். அதற்குப் பணிப்பாளர் நாயகம் ஒருவர், மாவட்டங்களில் பிராந்தியக் கந்தோர்கள், அவற்றில் சுரங்கப் பொறியியலாளரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும். பெயரில் இரண்டு வேலைகள் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். புவிச்சரிதவியல் அளவை என்பது அறிவுத் தேடல்: பாறையைப் படிப்பது, வரைபடம் கீறுவது, நிலநடுக்கத்தைப் பதிவது. பல்லேகலையில் உள்ள நில அதிர்வு நிலையமும் இவர்களுடையதுதான். சுரங்கம் என்பது அனுமதிப்பத்திரம், கட்டணம், உரித்துப் பணம், பரிசோதனை, வழக்கு. பிராந்தியக் கந்தோருக்குப் போகிற பொதுமகன் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது முகத்தை. மேசையில் இருப்பது சுத்தியலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். கோப்புகள்தான் இருக்கும்.

கைத்தொழில் சுரங்க அனுமதி ஏ, பி, சி, டி என நான்கு வகை. எவ்வளவு எடுக்கிறீர்கள், இயந்திரம் போடுகிறீர்களா, வெடி வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்து வகை மாறும். விண்ணப்பத்தோடு உறுதியும் வரைபடமும் போக வேண்டும். வரைபடத்துக்காகத்தான் என்னிடம் வருகிறார்கள். பிறகு காணியை நேரில் பார்க்க வருவார்கள். பிரதேச செயலகம் ஒரு பக்கம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஒரு பக்கம், வயல் அருகில் இருந்தால் கமநல சேவை, கடல் அருகில் இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், பழைய கோயிலோ மேடோ இருந்தால் தொல்லியல். சுடலை, ரயில் பாதை, வீதி, குளம் ஆகியவற்றிலிருந்து குறித்த தூரத்துக்குள் அனுமதி இல்லை. எடுத்து முடிந்த பிறகு கிடங்கைச் சீர்செய்வதற்கு ஈடாக முற்பணம் கட்ட வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இவ்வளவு கரைச்சலோ?” என்று உறுதியை மடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். கல்லும் மணலும் விற்பது கியூப்பில். ஒரு கியூப் நூறு கன அடி. ஒரே ஒரு பரப்பில் பத்து அடி ஆழத்துக்குக் கல் எடுத்தால் 270 கியூப்புக்கு மேல் வரும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பருக்குத் தொண்ணூறு நடை. உடைத்த கல் பருத்துவிடும் என்பதால் உண்மையில் அதற்கும் மேல். ஒரு சின்ன வீட்டு வளவுக்குள் இருந்து இவ்வளவு போகலாம். என் வரைபடத்திலோ நீளமும் அகலமும் மட்டும்தான் இருக்கும். அதே ஒரு பரப்புத்தான், கிண்டும் முன்பும் கிண்டிய பிறகும்.

இலங்கையின் பிற மாவட்டங்களில் இது பெரிய குறையாகத் தெரியாமல் இருக்கலாம். நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு கருங்கல் இனத்தைச் சேர்ந்த பழம்பாறை. அங்கே மலையை உடைத்தால் மலை குறையும். குடாநாட்டில் அந்தப் பாறை ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. வீடு கட்டக் கருங்கல் சல்லி வேண்டுமென்றால் ஆனையிறவுக்கு அப்பாலிருந்து ஏ-9 வீதியால் வர வேண்டும். இங்கே மேலே இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல், கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது. வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள். அதன் உயிர்ச்சுவடுகளை வேலண்டும் டேவிசும் 1923இல் லண்டனில் வெளியிட்ட கட்டுரையில் வகைப்படுத்தினார்கள். வேலண்ட் இங்கே கனிப்பொருள் அளவையில் வேலை செய்துவிட்டுப் பிறகு உகண்டாவின் புவிச்சரிதவியல் அளவையைத் தொடங்கப் போனவர்.

புன்னாலைக்கட்டுவன் பக்கம் யாராவது கிணறு வெட்டினால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மேலே செம்பாட்டு மண், செங்கல்லை அரைத்துக் கொட்டியது போன்ற நிறம். சில இடத்தில் முழ ஆழம், சில இடத்தில் ஆள் உயரம். அதன் கீழே மக்கி. ஊர் ஒழுங்கைகளுக்குப் போடுகிறோமே, அந்த நொறுங்கிய வெள்ளை. அதற்கும் கீழே அலவாங்கு தட்டினால் ‘ணங்’ என்று சத்தம் வரும் கல். அந்தக் கல்லின் முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சிப்பி அச்சுகள் தெரியும், விரல் நுழையும் ஓட்டைகள் தெரியும். ஓரிடத்தில் கை புகும் அளவு வெடிப்பும் இருக்கும். கிணறு வெட்டுகிறவர்கள் தேடுவது இந்த வெடிப்பைத்தான். தண்ணீர் அதற்குள்ளால்தான் வரும்.

ஓடுகிற ஆறு என்று சொல்ல எங்களிடம் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கை ஆறு ஒன்றுதான் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்லின் ஓட்டைகளுக்குள் இறங்கிச் சேர்கிறது. பிறகு வருடம் முழுக்க அதைத்தான் குடிக்கிறோம், அதில்தான் வெங்காயமும் புகையிலையும் விளைகின்றன. இந்த நல்ல தண்ணீரின் அடியிலும் சுற்றிலும் இருப்பது கடல்நீர். உப்புநீர் கனமானது, நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கிறது. கிபன் என்ற ஒல்லாந்தரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் 1888இலும் 1901இலும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இதற்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அரை அடி இறங்கினால் கீழே இருபது அடி போய்விடும். நிலாவரைக் கிணற்றில் மேலே குடிக்கத்தக்க நீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

புத்தூர் அண்ணைக்கு நான் சொல்ல வந்ததும் இதைத்தான். அவருடைய கல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வேலியோடு நிற்பதில்லை. அவர் வளவில் கல்லை எடுத்துத் தண்ணீர் மட்டம் வரை திறந்துவிட்டால், வெய்யில் நேரே அதைக் குடிக்கும். குப்பையும் எண்ணெயும் வடிகட்டப்படாமல் நேரே இறங்கும். சுன்னாகம் மின்நிலையச் சூழலில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்ததே, அங்கே அயல் கிணறுகள் பாதிக்கப்பட்டதற்கும் இந்தக் கல்லின் குணம்தான் வழி செய்தது.

கல்லை எடுக்கவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியபோது ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். கல் அந்த இடத்திலேயே எடுத்தது, களி முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. 1990இல் யுத்தத்தோடு நிற்கும்வரை எத்தனையோ குடும்பங்கள் அதில் சாப்பிட்டன, நாடு முழுக்க வீடுகள் எழும்பின. ஆனால் கல் எடுத்த கிடங்குகள் இன்னும் கிடக்கின்றன, தொழிற்சாலையை விட நீண்ட ஆயுளோடு. மீண்டும் திறக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் கிடங்குகளைப் பற்றி இரண்டு வசனமாவது சேர்த்துப் பேசினால் நல்லது.

மணலிலும் இதே கதை. அம்பன், குடத்தனை, மணற்காடு, நாகர்கோவில் என்று வடமராட்சி கிழக்கில் நீண்டு கிடக்கும் மணல் திட்டிகள் வீடு கட்டுகிறவர் கண்ணுக்குக் கியூப் கணக்கு. வல்லிபுரம், அம்பன் பக்கத்து வெண்மணல் கண்ணாடி செய்யத் தகுந்த சிலிக்கா மணல் என்பது பணியகம் அறிந்த விஷயம். அங்கே குடியிருப்பவர்களுக்கோ அது குடிதண்ணீர். திட்டிக்கடியில் ஊறும் நீரைத்தான் ஆழமில்லாத கிணறுகளில் அள்ளுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் மணல் மேட்டை வெறும் மணலாகப் பார்ப்பவர் குறைவு.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதையும் மணலில்தான் கண்டோம். 2019 டிசம்பரில் அமைச்சரவை, மணலும் மண்ணும் ஏற்றுவதற்கான வழி அனுமதி தேவையில்லை என்று முடிவெடுத்தது. சாதாரணமாக அது ஒரு துண்டுக் கடதாசி: வாகன இலக்கம், எங்கிருந்து எங்கே, எத்தனை கியூப், எந்தத் திகதி. பொலிசார் வீதியில் மறித்துக் கேட்பது அதைத்தான். அது இல்லை என்றானதும் எந்த டிப்பர் அனுமதியுள்ள இடத்திலிருந்து வருகிறது, எது இரவில் கிண்டியது என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. வடக்கில் பல ஊர்களில் சனம் தெருவில் இறங்கியது. 2020இல் நீதிமன்றத் தலையீட்டோடு அந்த நடைமுறை திரும்பி வந்தது. கரைச்சல் என்று நாங்கள் திட்டுகிற கடதாசிதான்.

இருந்தாலும் அனுமதிப்பத்திர முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கல் ஒரு கந்தோரின் பொறுப்பு. அந்தக் கல்லுக்குள் இருக்கும் தண்ணீரை ஆராய்வது நீர்வளச் சபை. அதைக் குழாயில் கொடுப்பது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. அது கெட்டுப்போனால் கேட்பது சுற்றாடல் அதிகாரசபை. கருங்கல் மாவட்டங்களுக்கு இந்தப் பாகப்பிரிவினை பொருந்தலாம். குடாநாட்டில் கல்லையும் தண்ணீரையும் பிரித்துக் கோப்பு திறக்க முடியாது. பணியகத்தின் புவிச்சரித வரைபடம் 1:100,000 அளவுத்திட்டத்தில் இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். அதில் வலிகாமம் பெரும்பாலும் ஒரே நிறம். எந்த ஒழுங்கையில் வெடிப்பு ஓடுகிறது, எங்கே கல்லுக்குள் குகை இருக்கிறது என்பது அந்த நிறத்துக்குள் மறைந்துவிடும். ஊரில் கிணறு வெட்டும் முதியவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அது எந்தக் கோப்பிலும் இல்லை.

இப்போது சுரங்க விண்ணப்பத்துக்கு வரைபடம் கேட்டு யாராவது வந்தால், எல்லைகளோடு சுற்றியுள்ள கிணறுகளையும் அளந்து குறித்துவிடுகிறேன். கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில், எந்த மாதத்தில் அளந்தது என்று பக்கத்தில் எழுதுகிறேன். முடிந்தால் ஆவணியிலோ புரட்டாதியிலோ, தண்ணீர் ஆகக் கீழே போன நேரத்தில் அளக்கிறேன். அதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை. கேட்டால், “அது வேண்டாம் ஐயா, எல்லையை மட்டும் கீறித் தாங்கோ” என்பார்கள்.