உஷார்! பேர் எழுதாத டப்பாவில் தோட்டா

அமெரிக்காவில் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டில் புது பிரைமர் (தீ மூட்டும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து, தோட்டாவை வீட்டிலேயே மறுபடி தயாரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. மருந்தை இம்மி பிசகாமல் நிறுக்கிற அதே ஆள், வேலை முடிந்ததும் தோட்டாக்களைக் காலி ஊறுகாய் ஜாடியில் கொட்டி வைக்கிறார். வினையே அங்கேதான்!

300 பிளாக்அவுட் தோட்டாவைப் பாருங்கள். இதற்கான கூட்டைப் பலர் 223 என்ற வேறு ரகத் தோட்டாவின் பழைய கூட்டை வெட்டித்தான் செய்கிறார்கள். அதனால் அடியில் 223 என்றே பொறித்திருக்கும். மேலே இருப்பதோ 7.8 மி.மீ. குண்டு. 223 துப்பாக்கியின் குழாய்க்கு 5.7 மி.மீ. குண்டுதான் பொருந்தும். மேகசினோ இரண்டுக்கும் ஒன்றே. மாறிப்போய் ஏறினால், சில சமயம் குண்டு கூட்டுக்குள் அமுங்கி போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் போக வழியில்லாத அழுத்தம் துப்பாக்கியையே பிளந்துவிடும். கன்னம் அதன் மேல்தான் இருக்கிறது!

ஆகவே என்ன ரகம், எந்த மருந்து, எவ்வளவு, எந்த எடைக் குண்டு, எந்தத் தேதி என்று டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் வேண்டாம், மூடிகள் இடம் மாறும். கடையில் வாங்கிய பழைய அட்டைப்பெட்டியில் போட்டால், அதிலுள்ள பழைய எழுத்தை அடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக்குழி உள்ள பிளாஸ்டிக் பெட்டி நல்லது. குவியலாகக் குலுங்கினால் குண்டு உள்ளே இறங்கலாம். சுடும்போது அழுத்தம் எகிறும். அந்தப் பெட்டிகளை ராணுவ இரும்புப் பெட்டியில் அடுக்கலாம். ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் ஈரம் புகும், பார்த்து வாங்குங்கள். ஆனால் மருந்துத் தூளை அதில் கொட்டி இறுக்கி மூடாதீர்கள்! தீப்பிடித்தால் அது வெடிகுண்டாகிவிடும். பிரைமரை ஜாடியில் கொட்டுவது இன்னும் மோசம்: ஒன்று வெடித்தால் அத்தனையும் வெடிக்கும். இரண்டும் வந்த பெட்டியிலேயே இருக்கட்டும்.

அம்மோனியா கலந்த துடைப்புத் திரவம் பெட்டிக்குள் பட வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் விளங்கியது.

பேர் எழுதாத டப்பா ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறதா? சுட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். குண்டைப் பிடுங்குகிற கருவியால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுங்கள். அந்த மருந்தையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.