சாய்தளத்தோடு முடிந்துவிடுவதில்லை

மருத்துவமனையைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. வெளியே ஹாரனுக்குத் தடை போட்ட நாம், உள்ளே இருக்கும் இரைச்சலைப் பற்றி யோசிக்கவே இல்லை. டோக்கன் எண்ணைக் கூவும் ஒலிபெருக்கி, ஓயாத தொலைக்காட்சி, கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், பினாயில் நெடி, எப்போது அழைப்பார்கள் என்றே தெரியாத காத்திருப்பு: நமக்கு இவை எரிச்சலோடு போய்விடும். ஆட்டிசம் உள்ள பலருக்கோ இவை உடம்பில் படும் வலிக்குச் சமம். காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைப் பார்த்து ‘அடம்’ என்கிறார்கள். பாதியில் திரும்பிப் போகும் குடும்பம் அடுத்த முறை நோய் முற்றிய பிறகே வருகிறது. இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவரின் பல்வலியும் வயிற்றுவலியும் அவருடைய ‘குறைபாட்டின் குணம்’ என்று ஒதுக்கப்பட்டு, நோயே கண்டறியப்படாமல் போகிறது.

தடையற்ற மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு வருவது சாய்தளமும் சக்கர நாற்காலியும்தான். அவை கட்டாயம் வேண்டும்; ஆனால் சட்டம் அதற்கும் மேலே போகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் அவற்றில் அடக்கம். கட்டட அமைப்பு மட்டுமன்றி சுற்றுச்சூழல், தகவல் தொடர்பு, மனப்பான்மை சார்ந்தவையும் ‘தடை’தான் என்று அதே சட்டம் வரையறுக்கிறது. அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலுக்கும், சிகிச்சையில் முன்னுரிமைக்கும் அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது 25-ஆவது பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தாங்க முடியாத இரைச்சலும் அகற்றப்பட வேண்டிய தடையே என்பது என் வாதம். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதற்கு வலுச் சேர்க்கிறது.

கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. காலையின் முதல் டோக்கன், முறை வரும்வரை வெளியே மரத்தடியில் இருந்துவிட்டு கைப்பேசி அழைப்பு வந்ததும் உள்ளே வர அனுமதி, தொலைக்காட்சி இல்லாத ஒரு சிறு அறை, ஊசி போடுமுன் என்ன நடக்கும் என்று காட்டும் நாலு படங்கள். இவற்றுக்குச் செலவைவிட மனசுதான் அதிகம் வேண்டும். (அந்த அறை பூட்டிவைக்கும் அறையாக மாறிவிடவும் கூடாது.) சிலருக்காக எல்லாரும் மாற வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. மறதிநோய் உள்ள முதியவருக்கும், காய்ச்சலில் தலை வெடிக்கும் எவருக்கும் அதே அமைதி தேவைப்படுகிறது. சூழல் எல்லா நோயாளிகளையும் பாதிக்கிறது: சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இலேயே எழுதினார்.

எனவே தயங்காமல் கேளுங்கள். போவதற்கு முன்பே என்ன வசதி வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மறுத்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையைப் பரிந்துரை பெற்ற அமைப்பு மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தை மீறியது நிரூபணமானால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.