கூந்தல் நுனி வறண்டு போகிறதா?



அம்மா மண்டபத்தில் காவிரியில் தலை முழுகினால் கூந்தல் மெத்தென்று இருக்கும். அதே தலையை வீட்டில் போர் தண்ணீரில் அலசினால் துடைப்பம் மாதிரி விறைத்துக்கொள்ளும். காரணம் உப்புத் தண்ணீர்தான். அதில் சோப்பு நுரைக்காது. திரிந்துபோய் முடியில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும்.

முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து இருக்கும்! அத்தனை வருஷ வெயிலும் சீப்பும் பட்ட நுனி அது. பிளந்துவிட்டால் எந்தத் தைலம் போட்டும் ஒட்டாது. அரை அங்குலம் கத்தரித்து விடுங்கள். மீதி முடிக்கு, குளிப்பதற்கு முந்தின இரவே தேங்காய் எண்ணெயை நுனிவரை தடவுங்கள். துணி சோப்பு வேண்டவே வேண்டாம். சீயக்காயையும் நுனியில் போட்டுக் கசக்காதீர்கள்.

பிரசவமாகி மூன்றாம் மாதம் முடி கொட்டுவது சகஜம், தானாக முளைத்துவிடும். ஆனால் முடி கொட்டுவதோடு மூச்சும் வாங்குகிறதா? கீழ் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா? ரத்தசோகையாக இருக்கலாம். எண்ணெய்க்கு அது தீராது. கணவன்மார்களே, மனைவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ரத்தம் சோதித்து, தேவையானால் இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகத் தருவார்கள். வீட்டில் முருங்கைக்கீரை சமைத்தால் அவருக்கும் ஒரு பங்கு முதலிலேயே எடுத்து வையுங்கள். கடைசியில் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுவது அவர்தானே.