மாப்பிள்ளைக்கு மாலத்தீவு பேச்சிலர் பார்ட்டி... நண்பர்களின் பர்ஸ் தாங்குமா?

நிச்சயதார்த்தம் முடிந்த அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் முளைத்துவிடும். கல்லூரி நண்பர்கள் ஆறு பேர். `கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ட்ரிப் அடிச்சே ஆகணும்' என்று ஒருவன் ஆரம்பிப்பான். `கோவா வேணாம்டா, எல்லாரும் போயாச்சு' என்பான் இன்னொருவன். `அப்போ மாலத்தீவு!' என்று மூன்றாமவன் நீலக்கடல் படம் ஒன்றைத் தட்டிவிடுவான். வரிசையாக நெருப்பு எமோஜிகள் விழும்.

ஒருவன் மட்டும் எல்லாவற்றையும் படித்திருப்பான், பதில் போட்டிருக்க மாட்டான். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். அப்பாவின் மருத்துவச் செலவோ, தங்கையின் படிப்போ, வீட்டுக் கடனோ அவன் தலையில் இருக்கும். `என்னால முடியாதுடா' என்று மாப்பிள்ளை இருக்கும் குரூப்பில் எப்படிச் சொல்வது? ஒன்று, கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு வருவான். அல்லது கடைசி வாரத்தில் `லீவு கிடைக்கலை' என்று ஒதுங்கிக்கொள்வான்.

பேச்சிலர் பார்ட்டிக்கு பட்ஜெட் போடும்போது கணக்கைத் தொடங்க வேண்டியது அவனிடமிருந்துதான். அவனையும் சேர்த்துக்கொண்டு, அதிகம் சம்பளம் வாங்குபவர்கள் மட்டுமே போக முடியும் என்று நினைக்கும் மாலத்தீவுக்குப் போய்வர முடியுமா? சரியான தீவைத் தேர்ந்தெடுத்தால் முடியும்.

ரிசார்ட் தீவும் ஊர்த் தீவும்

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் உள்ளூர் மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. 1972-ல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து, `ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்ற பாணியில்தான் அங்கே சுற்றுலா வளர்ந்தது. தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் வில்லாக்களைப் படங்களில் பார்க்கிறோமே, அவையெல்லாம் இந்த ரிசார்ட் தீவுகளில் இருப்பவை. தங்குவது, சாப்பிடுவது எல்லாம் அந்த ஒரே ரிசார்ட்டில்தான் என்பதால், ஒரு பாட்டில் தண்ணீர்கூட அவர்கள் சொல்லும் விலைதான். சில ரிசார்ட்டுகளுக்கு கடல் விமானத்தில்தான் போக முடியும். அதற்கே தலைக்குச் சில நூறு டாலர் ஆகிவிடும்.

2009-க்குப் பிறகுதான் மக்கள் வாழும் ஊர்த் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் பெருக ஆரம்பித்தன. நடுத்தர வர்க்கத்துக்கு மாலத்தீவின் கதவு திறந்தது அப்போதுதான். அதே கடல், அதே பவழப்பாறை, அதே மீன்கள். வில்லாவுக்குப் பதிலாக ஒரு சாதாரண ஏ.சி அறை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் முதல்முறை போகிறவர்களுக்கு வசதியானது மாஃபுஷி. தலைநகர் மாலேவிலிருந்து சுமார் 27 கி.மீ தூரம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 20 நிமிடங்களில் நடந்தே போய்விடலாம். நாட்டின் முக்கியமான சிறைச்சாலையும் இந்தத் தீவில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் வரிசையாக கெஸ்ட் ஹவுஸ்கள், ஹோட்டல்கள். போட்டி அதிகம் என்பதால் அறை வாடகையும் படகுப் பயணக் கட்டணமும் இங்கே கட்டுக்குள் இருக்கும். அலைச்சறுக்கு பிடிக்கும் என்றால் துலுஸ்தூ தீவைப் பார்க்கலாம்.

போவது எப்படி?

திருவனந்தபுரத்திலிருந்து மாலே சுமார் 600 கி.மீ.தான். தூரத்தை மட்டும் பார்த்தால் சென்னைக்குப் போவதைவிடப் பெரிய பயணம் இல்லை. நெல்லை, குமரி, மதுரைப் பக்கத்து நண்பர்கள் திருவனந்தபுரம், கொச்சி விமானங்களையும், மற்றவர்கள் பெங்களூரையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டிக்கெட் போடலாம்.

இந்தியர்களுக்கு மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் விசா இலவசமாகக் கிடைக்கும். திரும்பி வரும் டிக்கெட்டும், தங்குமிடம் பதிவு செய்ததற்கான ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் `இமுகா' என்ற அரசுத் தளத்தில் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து மாஃபுஷிக்கு ஸ்பீடு போட்டில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். மாலே நகரத்துக்குள் போனால் அரசு ஃபெரி இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு, ஆனால் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை என்பதால் ஃபெரியை நம்பி அன்றைக்குப் போய் இறங்க வேண்டாம்.

முதலில் மது விஷயம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் போய் ஏமாறும் கோஷ்டிகள் உண்டு. மாலத்தீவின் ஊர்த் தீவுகளில் மது விற்பனை கிடையாது. டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பாட்டிலையும் நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. சுங்க அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ரிசார்ட்டுகளிலும், மாஃபுஷிக்கு அருகே கடலில் நங்கூரமிட்டு நிற்கும் படகு பார்களிலும்தான் மது கிடைக்கும். அங்கே விலை அதிகம். போதைப்பொருள் விஷயத்தில் சட்டம் மிகக் கடுமையானது. வேப் கருவிகளையும் 2024 நவம்பரிலிருந்து கொண்டுபோகக் கூடாது.

`அப்புறம் என்னடா பேச்சிலர் பார்ட்டி?' என்று ஒரு குரல் எழும். ஆனால் பட்ஜெட் போடுகிறவருக்கு இது நல்ல செய்தி. இப்படிப்பட்ட ட்ரிப்களில் பணம் கணக்கில்லாமல் கரைவது பெரும்பாலும் பாரில்தான். குடிக்காத நண்பனும் சேர்ந்து பில்லைப் பங்கு போடும் சங்கடம் இங்கே இருக்காது.

பொழுதுபோக்குக்குக் குறைவே இல்லை. காலையில் ஸ்நோர்க்கலிங் படகு. நர்ஸ் ஷார்க்குகளும் ஆமைகளும் கண்முன் நீந்தும். மதியம், நடுக்கடலில் துண்டு போட்டதுபோல் கிடக்கும் ஒரு மணல்திட்டில் இறங்கிச் சாப்பாடு. இரவில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் பயணம். பிடித்த மீனைச் சுட்டுத் தரவும் ஏற்பாடு செய்வார்கள். காலை டிபனுக்கு `மாஸ் ஹுனி' கேளுங்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். நம் ஊர்க் கடைகளில் `மாசி' என்று விற்கிறார்களே, அந்தக் கருவாட்டுக்குப் பேர்போன நாடு இதுதான். குரூப்பில் சைவ நண்பர் இருந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆறு பேர், மூன்று இரவுகள்... கணக்கு இதோ!

அறைக் கட்டணம் பார்க்கும்போது `++' என்ற குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி என்று அர்த்தம். சர்வீஸ் சார்ஜ் வழக்கமாக 10%. அதன்மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 2025 ஜூலையிலிருந்து 17%. ஆக, 60 டாலர் அறை கையில் வரும்போது 77 டாலர். இதைத் தவிர பசுமை வரி. 50 அறைகளுக்கு மிகாத கெஸ்ட் ஹவுஸ் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், பெரிய ஹோட்டல் என்றால் 12 டாலர். சின்ன கெஸ்ட் ஹவுஸைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. சீசனைப் பொறுத்துக் கூடும், குறையும். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு:

* அறை (இருவர் பகிர்ந்து, 3 இரவுகள்): 116 டாலர்
* பசுமை வரி: 18 டாலர்
* ஸ்பீடு போட், போக வர: 50 டாலர்
* சாப்பாடு: 75 டாலர்
* ஸ்நோர்க்கலிங், மணல்திட்டுப் பயணம்: 35 டாலர்
* ஒருநாள் ரிசார்ட் பாஸ்: 110 டாலர்

மொத்தம் 404 டாலர், அதாவது சுமார் 36,400 ரூபாய். விமான டிக்கெட்டுக்கு 20,000 ரூபாய் சேர்த்தால் 56,400 ரூபாய்.

இங்கேதான் பலரும் ஒன்றை மறந்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் செலவை நண்பர்கள் ஏற்பது வழக்கம். அதை ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு இன்னும் 11,280 ரூபாய். ஆக, ஒவ்வொருவரும் எடுத்து வைக்க வேண்டியது சுமார் 67,700 ரூபாய். மாதம் ஒரு லட்சம் வாங்குபவருக்கு இது ஒரு ட்ரிப். 25,000 வாங்குபவருக்கு இரண்டரை மாதச் சம்பளத்துக்கும் மேல்.

குறைப்பது எங்கே?

முதல் வெட்டு, ரிசார்ட் பாஸ். நீச்சல்குளமும் பஃபே சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டாலும் ட்ரிப் ட்ரிப்தான். இரண்டாவது, மாப்பிள்ளை தன் விமான டிக்கெட்டைத் தானே போட்டுக்கொள்வது. அங்கே ஆகும் செலவை மட்டும் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளலாம். இந்த இரண்டைச் செய்தாலே தலைக்கு 67,700 என்பது சுமார் 51,800 ஆகிவிடும். பத்து மாதங்களுக்கு முன்பே திட்டமிட்டால் மாதம் 5,200 ரூபாய்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அறை வாடகை இறங்கும், ஆனால் கடல் கொந்தளித்தால் படகுப் பயணங்கள் ரத்தாகலாம். ரம்ஜான் மாதத்தில் ஊர்த் தீவுகளில் பகல் நேரத்துச் சாப்பாட்டுக் கடைகள் பலவும் மூடியிருக்கும்.

பணத்தை ஒருவர் மட்டும் கையாளட்டும். மாதாமாதம் அவர் கணக்குக்குப் போய்விட வேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையையே பதிவு செய்யுங்கள். ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் அவர் பங்கு என்னவாகும் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

மாப்பிள்ளை பத்திரம்!

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் இந்தப் பயணம் வேண்டாம். மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெயிலில் உரிந்த தோலும், பவழப்பாறையில் கீறிய காலும் ஆற நாளாகும்.

நீச்சல் தெரியாதவர் யார் என்று படகில் ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. மது அருந்தியவர் அன்றைக்குக் கடல் பக்கமே போக வேண்டாம். ஸ்கூபா டைவிங் செய்வதாக இருந்தால், விமானம் ஏறுவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் செய்யாதீர்கள்.

ஊர்த் தீவுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நீச்சலுடை, அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்தான். தெருவில் சட்டையோடு நடங்கள். கரையில் கிடக்கும் பவழத் துண்டுகளை நினைவுக்காக எடுத்து வருவது சட்டப்படி தவறு.

முதல் போன் யாருக்கு?

மணப்பெண்ணின் தோழிகள் போடும் திட்டத்துக்கும் இதே கணக்குதான். குரூப்பில் `பட்ஜெட் எவ்வளவு?' என்று கேட்டால் உண்மை வராது. முதலில் பெரிய தொகை சொல்பவருக்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். திட்டம் போடுபவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். `இவ்வளவு ஆகுதுடா, உனக்குச் சரிவருமா? கூச்சப்படாம சொல்லு' என்று கேட்டால் போதும். வந்த தொகைகளில் எது குறைவோ, அதுதான் எல்லோருக்கும் பட்ஜெட். யார் சொன்னது என்று குரூப்பில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அந்தத் தொகைக்கு மாலத்தீவு வரவில்லை என்றால் வேறு கடற்கரையைப் பார்க்கலாம். இல்லை, மாப்பிள்ளையிடமே கேளுங்கள். நான்கு பேரோடு மாலத்தீவா, ஆறு பேரும் சேர்ந்து ராமேஸ்வரமா என்று கேட்டால், பல மாப்பிள்ளைகளும் சொல்லும் பதில் என்னவாக இருக்கும் என்று அந்த குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் பதில் போடாத அந்த நண்பனுக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.