காற்றாற் குளிரும் எந்திரமும் அதன்மேற் பொறித்த எழுத்தும்

எழுத்து ஏட்டிலும் கல்லிலும் மட்டும் வாழ்வதன்று. ஆலையிற் செய்யப்படும் பொருள்களின் மேலும் அது வாழ்கின்றது. அங்கே அணியும் யாப்பும் வேண்டாது, சொல்லத்தக்கதை இரண்டொரு குறிகளிற் சொல்லி நின்றுவிடுகின்றது. அவ்வாறு நிற்கும் எழுத்துக்களுள், பழைய வொக்ஸ்வாகன் மோட்டார் வண்டியின் எந்திரத்திற் காணப்படுவனவற்றை எங்ஙனம் வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என வினவுவார்க்கு, வாசிப்பு எதுவாயினும் அது எம் தொழிலே என்பது விடையாகும்.

வண்டு என்னும் செல்லப்பெயரால் உலகெங்கும் அழைக்கப்பட்ட இவ்வண்டியைப் போர்ஷே என்னும் பொறியியலறிஞர் வகுத்தார். ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க் ஆலையிற் போருக்குப் பின் இது பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. அந்நாட்டில் 1978ஆம் ஆண்டோடு இதன் ஆக்கம் நின்றது. கடைசி வண்டி மெக்சிக்கோவின் புவெப்ளா ஆலையிலிருந்து 2003ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்தது. மொத்தத் தொகை இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கு மேலாகும். எந்திரம் வண்டியின் பின்புறத்தே உள்ளது. நான்கு உருளைகள், பக்கத்துக்கு இரண்டாக, படுத்த நிலையில் எதிரெதிரே அமைந்திருக்கும். குளிர்விக்க நீரில்லை, ஒரு விசிறி தள்ளும் காற்றே அவ்வேலையைச் செய்கின்றது.

இவ்வெந்திரத்தில் இருவகை எழுத்துக்கள் உள. உலோகத்தை அச்சிலே வார்க்கும்போதே புடைத்தெழுந்தவை ஒருவகை. வார்த்த பின் உளியச்சால் அடித்துப் பொறித்தவை மற்றொருவகை. இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வார்ப்பெழுத்தை மாற்றுதல் அரிது. பொறிப்பெழுத்தையோ அராவி அழிக்கவும், வேறெழுத்து அடிக்கவும் இயலும்.

எந்திர எண் இரண்டாம் வகையைச் சார்ந்தது. எந்திரத்தின் உடற்கூடு இரு பாதிகளாக வார்த்துப் பொருத்தப்பட்டது. அவை கூடுமிடத்தில், டைனமோவைத் தாங்கும் பீடத்தின் கீழே இவ்வெண்ணைக் காணலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தாலன்றி அது தோன்றாது. 1965ஆம் ஆண்டு யூலை வரையில் எழுத்தின்றி எண் மட்டுமே பொறிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டில் 34 குதிரைவலுவுடைய புதிய 1192 கன சென்ரிமீற்றர் எந்திரம் வந்தபோது 5 000 001 என எண்ணத் தொடங்கினர். ஐந்தாண்டுக்குள் அத்தொடர் தொண்ணூறு இலட்சத்தைக் கடந்துவிட்டது. 1965 ஓகஸ்ட் முதல் எண்ணின் முன்னே எழுத்து வரலாயிற்று. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகிய டி, மேற்கூறிய 34 குதிரைவலு எந்திரத்தைக் குறிக்கும். ஆறாம் எழுத்தாகிய எஃப், 1285 கன சென்ரிமீற்றரும் 40 குதிரைவலுவும் உடையதைக் குறிக்கும். ஓராண்டின் பின் வந்த எட்டாம் எழுத்தாகிய எச், 1493 கன சென்ரிமீற்றரும் 44 குதிரைவலுவும் உடையதற்கு உரியது. 1970 ஓகஸ்ட் முதல் இரட்டையெழுத்துக்கள் தோன்றின: ஏபி என்பது 44 குதிரைவலுவுக்கு ஏறிய 1285, ஏடி என்பது 50 குதிரைவலுவுடைய 1584.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் நன்று. அமெரிக்க நூல்கள் 'நாற்பது குதிரை எந்திரம்' எனக் கூறுவது எஃப் அன்று. ஜேர்மானியர் 34 எனக் கணக்கிட்ட அதே 1192 எந்திரத்தைத்தான். அமெரிக்கர் அந்நாளில் விசிறி முதலிய துணையுறுப்புக்கள் உண்ணும் வலுவைக் கழியாது அளந்தனர். ஆதலின் நூலிற் கண்ட வலுவை மட்டும் கொண்டு எழுத்தைத் துணிவது தவறாய் முடியும்.

இனி, பொறிப்பெழுத்து எதனைச் சொல்லாது என்பதையும் அறிதல் வேண்டும். அது உடற்கூட்டின் பிறப்பைச் சொல்லுமேயன்றி, அதனுள் இன்று குடியிருப்பது யாது என்பதைச் சொல்லாது. எச் எனப் பொறித்த கூட்டில், 83 மில்லிமீற்றர் விட்டமுடைய உருளைகளை நீக்கி 85.5 மில்லிமீற்றர் உருளைகளை எளிதில் அமர்த்தலாம். அப்போது 1493 என்பது 1584 ஆகிவிடும். வெளியெழுத்தோ எச் ஆகவே நிற்கும். எண்ணின் அருகே எக்ஸ் என்னும் எழுத்து இருப்பின், அது ஆலையிலேயே புதுக்கி மாற்றாகக் கொடுக்கப்பட்ட எந்திரம் என்பது கருத்து.

நம் நாட்டில் இவ்வறிவு வெறும் பொழுதுபோக்கன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலத்தில், ஒரு வண்டியின் உறுப்பால் மற்றொன்றை ஓடவைத்தலே வழக்கமாயிற்று. பதிவுப் புத்தகத்திலே எந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் எழுதப்பட்டுள்ளன. அடிச்சட்ட எண் பின்னாசனத்தின் கீழே, நடுத்தண்டின்மேல் இருக்கும். 1965ஆம் ஆண்டு மாதிரி முதல் அதன் மூன்றாம் இலக்கம் ஆண்டைச் சுட்டும்: 115 எனத் தொடங்கினால் 1965, 117 எனத் தொடங்கினால் 1967. ஆயின் மாதிரியாண்டு முந்திய ஓகஸ்டிலேயே பிறந்துவிடும். இப்போது ஒருவர் 115 எனத் தொடங்கும் வண்டியை விற்க வருகின்றார். எந்திரத்தில் எச் இருக்கின்றது. அவ்வெந்திரம் 1966 ஓகஸ்டுக்கு முன் பிறந்திருக்க இயலாது. ஆகவே அது வண்டியோடு வந்ததன்று. இது குற்றமன்று, பதிவுப் புத்தகத்திலும் எச் எண்ணே திருத்தி எழுதப்பட்டிருப்பின் வாங்கலாம். புத்தகத்தில் எழுத்தற்ற பழைய எண்ணும் எந்திரத்தில் எச் எண்ணும் இருப்பின், அதனைப் பதிவில் திருத்தித் தரும்வரை முற்பணமுங் கொடாதிருத்தலே அறிவுடைமை. எண் நிற்கும் இடம் சுற்றுப்புறத்தினும் பளபளத்து, அராவிய கீற்றுக்களோடு தோன்றினால் ஐயம் இன்னும் வலுக்கும். அவ்வுடற்கூடு மக்னீசியக் கலப்புலோகம். அதன் அராத்தூள் எளிதிலே தீப்பற்றும் என்பதை எண்ணை அழிக்க முயல்வோர் அறிவாரோ என்னவோ! 1970களில் வார்த்த கூடுகளில் ஏஎஸ் 41 எனப் புடைத்திருக்கும் வார்ப்பெழுத்து அக்கலப்பையே கூறும்: மக்னீசியத்தோடு அலுமினியம் நூற்றுக்கு நான்கு, சிலிக்கன் நூற்றுக்கு ஒன்று. வெப்பத்தில் நெகிழாதிருத்தற்பொருட்டு இக்கலப்பைக் கைக்கொண்டனர்.

உதிரியுறுப்புக்களின் ஒன்பதிலக்க எண், பகுபதம் பிரிப்பார்க்கு மிக்க இன்பந்தருவது. 113 821 021 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று இலக்கங்கள் பகுதிபோல வண்டியின் இனத்தைச் சுட்டும். நடுமூன்றின் முதலிலக்கம் உறுப்பின் குடும்பத்தைச் சொல்லும்: 1 எந்திரம், 3 கியர்ப்பெட்டி, 8 உடல், 9 மின்னுறுப்பு. கடைமூன்று தனியுறுப்புக்குரியது. இணையாக வரும் உறுப்புக்களில் ஒற்றையெண் இடப்புறம், இரட்டையெண் வலப்புறம். எனவே மேற்சொன்னது இடப்புற முன் மட்காட். 022 என முடிவது அதன் வலத்துணை. இறுதியில் ஓரெழுத்து விகுதிபோல் ஒட்டினால், அவ்வுறுப்புப் பின்னர்த் திருத்தப்பட்டது என்க. பழையதன் இடத்தில் அது பொருந்துமா என வாங்குமுன் கேட்டல் வேண்டும்.

எந்திரத்தைப் பிரித்தால் உள்ளேயும் எழுத்துண்டு. பிஸ்ரனின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது பிளைவீலை நோக்க வேண்டும். பிஸ்ரனைத் தாங்கும் ஊசி நடுவிலன்றிச் சற்றே விலகி நிற்பதே காரணம். திருப்பிப் பொருத்தினால் பிஸ்ரன் உருளைச் சுவரில் மோதி ஒலிக்கும். நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்னும் நிறப்பொட்டுக்கள் விட்டத்தின் நுண்வேறுபாட்டைக் குறிப்பன; உருளைக்கும் பிஸ்ரனுக்கும் நிறம் ஒத்திருத்தல் வேண்டும். விட்டம் மில்லிமீற்றரில் அங்கேயே எழுதப்பட்டிருப்பதால், எச் கூட்டினுள் இருப்பது 83ஆ 85.5ஆ என்னும் வழக்கு இவ்விடத்தே தீர்ந்துவிடும்.

வால்வுகளை இயக்கும் காம் தண்டின் பற்சக்கரத்தில் உள்ள குறியே யாவற்றினும் ஏமாற்றுவது. அதன் உட்புறத்தில் -1, 0, +1, +2 என்பனபோன்ற குறிகளுள் ஒன்றிருக்கும். அது சக்கரத்தின் ஆரை நியம அளவினின்றும் மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குக் கணக்கில் எத்துணை வேறுபடுகின்றது என்பதைக் கூறும். வெளிப்புறத்திலும் ஒரு 0 உண்டு. இது அளவன்று, நேரக்குறி. இக்குறியுள்ள பல், கிராங்குத் தண்டின் சக்கரத்திலுள்ள இரு புள்ளிகளுக்கு நடுவே அமர வேண்டும். ஒரே வடிவினவாகிய இவ்விரு சுழிகளுள் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு கூட்டை மூடினால், வால்வு திறக்கும் காலம் பிழைத்துவிடும். அதனைத் திருத்த முழு எந்திரத்தையும் மறுபடி பிரித்தலன்றி வேறு வழியில்லை. எனவே கூட்டின் இரு பாதிகளையும் பூட்டுமுன், கிராங்குத் தண்டைக் கையால் இருமுறை முழுதாகச் சுழற்றி, வெளிச்சுழி புள்ளிகளின் நடுவே திரும்பி வருகின்றதா என நோக்குக.